நாட்டிங்காம்ஷயர் நாயும் நொய்யல் கரை வெயிலும்

காங்கயம் மாட்டினத்தைப் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் தேர்ந்து பேணி வளர்த்ததைப் போலவே, இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் நியூகாசில் பிரபுக்கள் தம் கிளம்பர் தோட்டத்தில் வளர்த்துப் பெயர் தந்த வேட்டை நாயே கிளம்பர் ஸ்பேனியல் ஆகும். ஸ்பேனியல் என்பது புதரில் பதுங்கிய பறவைகளைக் கிளப்பிவிடப் பழக்கப்பட்ட, தொங்கு காதும் நீண்ட முடியும் கொண்ட நாய்வகை. அவ்வகையில் மிகக் கனத்தது இது. வளர்ந்த ஆண் நாயின் எடை ஏறக்குறைய 30 முதல் 34 கிலோ. பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சிய பிரபு ஒருவர் இந்நாய்களை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார் என்று வழங்கும் கதை சுவையானதே. எனினும் புரட்சிக்கு ஓராண்டு முன்பே, 1788இல், பிரான்சிஸ் வீட்லி வரைந்த ஓவியத்தில் இரண்டாம் நியூகாசில் பிரபுவுடன் இந்நாய்கள் காணப்படுவதால், அக்கதையை நம்புவதற்கில்லை.

பிறந்த நாட்டிலேயே அருகிவரும் இனங்களின் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. வணிக இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு இந்திய அரசும் 2016இல் தடை விதித்தது. ஆயினும், கனத்த உடலும் அடர்ந்த முடியும் அமைதியான குணமும் உடைய எந்த நாயையும் பனியன் நகரமான திருப்பூரில் வளர்ப்போருக்கு இவ்வினம் நல்ல பாடநூலாகும்.

இவ்வினத்தின் புகழ்பெற்ற அமைதியே இங்கு ஆபத்தாக முடியக்கூடும். நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே சுரப்பதால், நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே அது உடற்சூட்டைத் தணிக்க வேண்டியுள்ளது. சிமென்ட் ஷீட் வேய்ந்த கூரையின் கீழ், அயர்னிங் மேசையின் நீராவி கலந்த காற்றில், அந்த வழியும் பெருமளவு அடைபட்டுவிடுகிறது. துடிப்பான நாய் அலைந்து தன் தவிப்பைக் காட்டிவிடும். கிளம்பர் போன்றதோ பேசாமல் படுத்துக்கொள்ளும், வீட்டார் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடுவர். இயல்பாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் உடல்வெப்பம் 105ஐத் தாண்டினால் உயிருக்கே கேடு என்பதால், சாதாரணத் தண்ணீரை உடலில் ஊற்றி, மின்விசிறியின் கீழ் கிடத்தி, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வெயிலுக்கு அஞ்சி முடியை ஒட்ட மழிப்பதும் தவறு. வெள்ளை முடிக்குள் இருக்கும் வெளிறிய தோல் எளிதில் வெந்துவிடும்.

எக்ட்ரோபியான் எனப்படும், கீழிமை வெளிப்புறம் சரிந்து தொங்கும் குறை இவ்வினத்தில் மிகுதி. அந்தக் குழியில் பஞ்சுத் தூசி தங்கும் என்பதால் கண்ணை நாள்தோறும் துடைப்பது அவசியம். தொங்கு காதின் உட்புறத்தையும் ஈரமின்றி வைத்திருக்க வேண்டும்.

இவற்றினும் கொடியது நூல். சுட்ட பறவையைக் கவ்விவரப் பழகிய மரபினதாகையால், கண்ணில் பட்டதை வாயில் கவ்வித் திரிவதும் சில வேளை விழுங்கிவிடுவதும் இந்நாயின் இயல்பு. ஓவர்லாக் எந்திரத்தடியில் விழும் நூலும், எலாஸ்டிக் துண்டும், கட்டிங் வேஸ்ட் மூட்டையும் எட்டும் தொலைவில் கிடப்பதோ திருப்பூரின் இயல்பு. விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் அசைவால் முன்தள்ள, குடல் முழுவதும் சுருக்குப்பையின் வாயைப் போல மடிந்துவிடுகிறது. இறுகிய நூல் குடற்சுவரை அறுக்கவும் கூடும். தொடர் வாந்தியும் உணவு மறுப்பும் இதன் அறிகுறிகள். வெளியே தொங்கும் நூலைக் கையால் இழுப்பது அறுப்பை விரைவுபடுத்துமே அன்றி விடுவிக்காது, அறுவை மருத்துவமே பெரும்பாலும் வழி.

வீட்டின் முன்கூடத்திலேயே பிசிறு வெட்டும் வேலை நடக்கும் குடும்பங்கள் இத்தகைய நாயை வாங்காதிருப்பதே நல்லது. ஏற்கெனவே வளர்ப்போர் தைக்கும் அறைக்கு நாயின் மார்பளவுக்கேனும் ஒரு தடுப்புக் கதவு போட்டுக்கொள்ள வேண்டும்.