பிராக் நகரில் கால்நடையாக

போரும் தீயும் வெள்ளமும் ஐரோப்பாவின் புராதன நகரங்கள் பலவற்றை உருமாற்றிவிட்டிருக்க, செக் நாட்டின் தலைநகரான பிராக் பல நூற்றாண்டுகளின் சிற்பத் திறனை இன்றும் தன் வீதிகளிலேயே தாங்கி நிற்கிறது. அங்கே செல்லும் பிரயாணிகளுக்கு மிகவும் பிரியமானது எதுவென்றால் நடப்பதுதான். அந்த நடை பெரும்பாலும் வல்தாவா நதியின் மேலுள்ள கார்ல் பாலத்திலேயே ஆரம்பமாகிறது.

1342-இல் வெள்ளம் அடித்துச் சென்ற பழைய கற்பாலத்துக்கு ஈடாக, நான்காம் கார்ல் சக்கரவர்த்தி 1357-இல் அஸ்திவாரமிட்ட இப்பாலம், 516 மீட்டர் நீளமும் பதினாறு வளைவுகளும் கொண்டது. இருமருங்கிலும் உள்ள முப்பது சிலைத் தொகுதிகளில் மிகப் பழமையானது, 1683-இல் நிறுவப்பட்ட நெபோமுக் யோவானின் வெண்கலச் சிலை. 1393-இல் அன்றைய மன்னன் ஆணையால் ஆற்றில் எறியப்பட்ட இக்கிறிஸ்தவ குரு, ராணியின் பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியிட மறுத்தார் என்பது ஐதிகம். திருச்சபைக்கும் அரசனுக்கும் மூண்ட அதிகாரப் பிணக்கே காரணம் என்பது சரித்திரக்காரர் கொள்கை. எவ்வாறாயினும், பீடத்திலுள்ள புடைப்புச் சித்திரத்தைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்று நம்பிய கைகள் பட்டுப் பட்டு, அந்த உலோகம் பளபளவென்று மின்னுகிறது. ஜனத்திரள் சேருவதற்கு முன், சூரியோதய வேளையில் இங்கே வருவதே உத்தமம்.

பாலத்துக்கு அஸ்திவாரமிட்ட அதே கார்ல் மன்னர் 1348-இல் ஸ்தாபித்த சர்வகலாசாலையிலேதான், நம் காலத்தில் கமில் சுவலபில் என்ற செக் நாட்டுப் பேரறிஞர் தமிழ் போதித்தார் என்பதை அந்நகரில் நடக்கும் தமிழர் எவரும் மறக்கலாகாது.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410-இல் தோன்றிய வானியல் கடிகாரத்தின் எதிரே, மணிதோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. எலும்புக்கூடு வடிவில் நிற்கும் மரணம் மணிக்கயிற்றை இழுக்க, மேலேயுள்ள ஜன்னல்களில் அப்போஸ்தலர் பன்னிருவரும் ஊர்வலம் வந்து மறைந்ததும், கூட்டம் உடனே கலைந்துவிடுகிறது; எனக்கோ அது பெரிதும் வருத்தம் தருகிறது. ஏனெனில் உண்மையான அற்புதம் அந்தப் பொம்மைகளில் இல்லை, கீழேயுள்ள வட்டத்திலேதான் இருக்கிறது. மேஷம் முதல் மீனம் வரையிலான ராசிச் சக்கரத்தில் சூரியன் நிற்கும் இடத்தையும், பாதி இருண்ட சிறு கோளத்தைச் சுழற்றிச் சந்திரனின் வளர்பிறை தேய்பிறைகளையும் அது காட்டுகிறது. வெளிவளையத்திலே, சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோரைப் போலன்றி, அஸ்தமனத்திலிருந்து மணிகளை எண்ணிய பழைய போஹீமிய முறையும் இன்றளவும் இயங்கிவருகிறது. நின்று நிதானமாகப் படிப்பவர்க்கு அது ஒரு முழுப் பஞ்சாங்கம்.

அச்சதுக்கத்தின் தரையில் பதிந்துள்ள இருபத்தேழு சிலுவைகள், அன்றைய மன்னருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்று, 1621 ஜூன் 21-ஆம் நாள் அங்கே சிரச்சேதத்துக்கும் தூக்குக்கும் உள்ளான பிரமுகர்களைக் குறிப்பவை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் யூதர் குடியிருப்பு. இடமின்மையால் ஒரு சமாதியின்மேல் இன்னொன்றாக அடுக்கடுக்காகப் புதைத்த பழைய இடுகாட்டில், சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. அதையொட்டிய பிங்காஸ் ஜெபாலயத்தின் சுவர்களிலே, நாஜிகளால் மாண்ட போஹீமிய, மொராவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. மேல்மாடியில், தெரேஸின் என்ற நாஜி முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த சித்திரங்கள். அவர்களுக்குச் சித்திரம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற மாதரசி 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். வீடுகளையும் பட்டாம்பூச்சிகளையும் வரைந்த அந்தச் சிறு கைகளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. எனினும், கோபுரங்களை மட்டும் கண்டு இவ்விடத்தைக் காணாமல் திரும்புவோர் பிராக் நகரத்தைக் கண்டவராகார் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

குன்றின்மேலுள்ள கோட்டைக்கு 22-ஆம் எண் டிராம் வண்டியில் ஏறிப் போகலாம். அங்குள்ள புனித வீட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கப்பெற்று, யுத்தங்களால் தடைப்பட்டு, 1929-இலேதான் பூர்த்தியாயிற்று. மாலையில் பழைய நகரத்துக்கு இறங்கிவந்தால், 1787 அக்டோபர் 29-ஆம் நாள் மொஸார்ட் தாமே வாத்தியக் குழுவை நடத்தி ‘டான் ஜியோவான்னி’ இசை நாடகத்தை முதன்முதலில் அரங்கேற்றிய எஸ்டேட்ஸ் தியேட்டரைக் காணலாம். அந்த நாடகம் அதே அரங்கில் இன்றும் நடிக்கப்பெறுவதுண்டு. நடைபெறும் நாளில் சீட்டுக் கிடைக்குமானால், கையிருப்பைக் கணக்குப் பார்க்காமல் வாங்கிவிடலாம்.