மாட்டின் தோல் கழலை நமக்குத் தொற்றுமா?

பாலைக் கொட்ட வேண்டாம்

கல்வராயன் மலை ஊர்களிலும் சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களிலும் பல குடும்பங்களின் கைச்செலவுக்குக் கறவைமாடுதான் ஆதாரம். மாட்டின் மேலெல்லாம் கட்டி கட்டியாகத் தோல் கழலை கிளம்பினால், மாடு பிழைக்குமா என்ற கவலையோடு, கறக்கிறவருக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது பயம் தேவையற்றது; அதற்காகப் பாலைக் கொட்ட வேண்டியதில்லை. 2019இல் ஒடிசாவில் தென்பட்ட இந்த நோய், 2022இல் ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. புண்ணைத் துடைத்து மருந்து போட்டவர்கள் ஏராளம். ஆனாலும் மனிதரிடையே நோய் பரவவில்லை.

தடை எங்கே இருக்கிறது?

வைரஸ் ஒரு சாவி, செல்லின் மேலுள்ள ஏற்பி ஒரு பூட்டு, பொருந்தினால்தான் நுழையும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கொரோனாவுக்கு அது சரி. தோல் கழலை வைரஸும் சேர்ந்த அம்மை இன வைரஸ்களோ பல விலங்குகளின் செல்லுக்குள் எளிதில் புகுந்துவிடும். பெருகுமா என்பது உள்ளே போன பிறகே முடிவாகிறது. கேனரி பறவையின் அம்மை வைரஸ் மனித செல்லில் நுழைந்து சில புரதங்களைச் செய்யும், குட்டி போடாது. அதனால்தான் தடுப்பூசிகளில் அதைச் சுமைதூக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். செல்லுக்குள் பி.கே.ஆர். என்றொரு காவல் நொதி உண்டு; வைரஸின் வாடையறிந்தால் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். தோல் கழலை வைரஸின் ஒரு புரதம் மனிதரின் பி.கே.ஆரை நன்றாகவே முடக்குகிறது, மாட்டினுடையதைச் சுமாராகத்தான் முடக்குகிறது என்று ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. இருந்தும் நோய் வருவது மாட்டுக்கே! ஒரே ஒரு காவலை வென்றால் போதாது, ஒவ்வொரு இனத்திலும் தடைகள் பல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எருமை அம்மை வருகிறதே?

நியாயமான கேள்வி. எருமை அம்மை கறக்கிறவரின் கையில் கொப்புளம் போடும்; அது வேறு கிளையைச் சேர்ந்த, பெரியம்மைத் தடுப்பூசி வைரஸுக்கு நெருங்கிய உறவு. வெறிநோய் வைரஸுக்கோ பாலூட்டிகளில் பேதமே இல்லை. ஆகவே ‘கால்நடை நோய் நம்மை அண்டாது’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வைரஸுக்கும் தனிக்கணக்கு. மடியில் கொப்புளம் இருந்தால் கையுறை போட்டுக் கறந்து, கையைச் சோப்பால் கழுவுங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள். காசநோய், புருசெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்காக அது எப்போதும் அவசியம். தோல் கழலை கண்ட மாட்டைத் தனியே கட்டி, ஈ, கொசு, உண்ணியைக் கட்டுப்படுத்தி, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்ற மாடுகளுக்கு இந்தியாவில் ஆட்டம்மைத் தடுப்பூசியைப் போடுகிறார்கள். இரண்டு வைரஸும் அவ்வளவு நெருங்கிய சொந்தம்.