வலிப்பு வேறு, விசர் வேறு

கச்சான் காற்று அனலை வாரி வீசிக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்துப் பிற்பகல். திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த எங்கள் ஒழுங்கையில், பக்கத்து வீட்டுச் சிறுவன் அலறும் குரல் கேட்டு ஓடிச் சென்றேன். அவன் செல்லமாக வளர்த்த நாய் முற்றத்து மணலில் பக்கவாட்டாக விழுந்து கிடந்தது. நான்கு கால்களும் நீந்துவனபோல் அடித்துக்கொண்டன. தாடைகள் படபடவென்று மோதின. வாயில் நுரை தள்ளியது. கண்கள் திறந்திருந்தும் எதனையும் காணவில்லை.

"விசர்! நாய்க்கு விசர் பிடித்துவிட்டது!" என்று எவரோ கூவினார். ஒருவர் இரும்புத் திறப்பொன்றைக் கொண்டுவந்து அதன் காலில் வைத்து அழுத்தினார். மற்றொருவர் கரண்டிக் காம்பைப் பற்களுக்கிடையே செருக முற்பட்டார். படலையோரம் சாத்தியிருந்த பொல்லைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் முன்னே வந்தார். நேயர்களிடம் ஒளிப்பானேன்? பொல்லைத் தூக்கியவன் நானேதான். கல்லூரியிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நான், அந்த வேளையில் படித்ததையெல்லாம் மறந்து நின்றேன்.

அப்போது, துறைமுகத்திலே வேலைபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் என் கையைப் பற்றினார். "மாஸ்டர், பொல்லைக் கீழே போடுங்கோ. இது வலிப்பு. என்ரை மகளுக்கும் இருந்தது. ஒருவரும் தொட வேண்டாம், மணியை மட்டும் பாருங்கோ" என்றார்.

மணியைப் பார்த்தோம். ஒரு யுகம்போல் தோன்றிய அந்தத் துடிப்பு இரண்டு நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டது. நாய் எழுந்து, குருடன்போல் சுவரில் முட்டி, இடம் தெரியாது தடுமாறியது. அரை மணி நேரம் சென்றதும் நீர் குடித்தது. சிறுவனின் காலடியிலே வந்து படுத்துக்கொண்டது.

வலிப்பு என்பது யாது?

மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் நுண்ணிய மின் சைகைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. துறைமுகத்திலே ஒவ்வொரு கப்பலும் தனது முறை வரும்போது சங்கொலி எழுப்பினால் எல்லோருக்கும் விளங்கும். எல்லாக் கப்பல்களும் ஒரே கணத்தில் ஊதத் தொடங்கினால் எவருக்கு என்ன விளங்கும்? அத்தகைய குழப்பமே வலிப்பு. அவ்வேளையில் பிராணிக்கு உணர்வு இல்லை. பெரும்பாலும் அது வேதனையை அறிவதுமில்லை. அருகிலுள்ளோர்க்கே வேதனை.

காரணங்கள் பல. நாய்க் குட்டிகளுக்கு 'டிஸ்டெம்பர்' என்னும் தொற்றுநோயாலும், இரத்தத்தில் சர்க்கரை குறைவதாலும் வரலாம். ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடையில் முதன்முறை கண்டால், வேறு காரணம் எதுவும் அகப்படாத பிறவிக் காக்கைவலிப்பாக இருத்தல் கூடும். முதிய நாய்களில் மூளைக் கட்டியோ ஈரல் நோயோ காரணமாகலாம். பால் கொடுக்கும் தாய் நாய்க்குக் கல்சியம் குறைந்தாலும் உடல் நடுங்கி வலிப்பு வரும். எலிப் பாஷாணமும் பூச்சிகொல்லி மருந்தும் எவ்வயதிலும் தாக்கும். நாயின் உண்ணியைப் போக்கும் 'பெர்மெத்ரின்' கலந்த மருந்தைப் பூனைக்குத் தடவினால், பூனை வலிப்புக் கண்டு மாளவும் கூடும்.

நம் ஊரிலே வெயிலையும் சேர்க்கவேண்டும். நிழலும் நீருமின்றிச் சங்கிலியிற் கட்டப்பட்ட நாய்க்குக் கச்சான் காலத்துப் பகல் கொடியது. கூட்டில் அடைபட்ட முயலுக்கும் அவ்வாறே. அந்நிய நாடுகளில் 'சின்சில்லா' என்றொரு சிறு பிராணியைச் செல்லமாக வளர்க்கின்றனர். அதன் தாயகம் தென்னமெரிக்காவின் குளிர்ந்த அந்தீஸ் மலை. 1923ஆம் ஆண்டில் மத்தையாஸ் சாப்மன் என்னும் அமெரிக்கர் சிலியிலிருந்து சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். ஒரே மயிர்த்துளையிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட உரோமங்கள் முளைக்கும் அந்தக் கம்பளிப் போர்வைக்குள் அதற்கு வியர்வையும் இல்லை. ஏறக்குறைய 27 பாகை வெப்பத்தைத் தாண்டினாலே வெப்பத் தாக்குதலும் வலிப்பும் வரக்கூடும். கல்சியக் குறைவும், ஈயம் கலந்த பழைய வர்ணப் பூச்சைக் கொறிப்பதும் அதற்கு வலிப்பை உண்டாக்கும் வேறு காரணங்கள். 33 பாகையைச் சர்வசாதாரணமாகக் கடக்கும் நம் கடற்கரை அதற்கு ஏற்ற வீடன்று. எப்பிராணியையும் கொண்டுவருமுன் அது பிறந்த மண் எத்தகையதென்று கேட்பதே முதற் சிகிச்சை.

செய்வனவும் தவிர்ப்பனவும்

வலிப்புக் கண்டவுடன் மணிக்கூட்டைப் பாருங்கள். படிக்கட்டு, கிணற்றடி, கூரிய பொருள் ஆகியவற்றிலிருந்து பிராணியைக் காத்துக்கொள்ளுங்கள். விளக்கைத் தணித்து, வானொலியை நிறுத்தி, பிள்ளைகளை விலக்குங்கள். அதன் வாயில் விரலோ கரண்டியோ நீரோ மருந்தோ இடலாகாது. நாக்கை விழுங்கிவிடும் என்பது வெறும் பயம். ஆனால் உணர்வற்ற தாடை உங்கள் விரலை நறுக்கிவிடும் என்பது உண்மை. இரும்பினால் ஒரு பயனுமில்லை. வெயிலாற் கண்ட வலிப்பாயின், நிழலுக்கு மாற்றிச் சாதாரண நீரால் உடலை நனைத்து விசிறுங்கள், பனிக்கட்டி வேண்டாம்.

ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் இரண்டு தடவை வந்தாலும், நஞ்சுண்டதென ஐயுற்றாலும் தாமதமின்றி மிருக வைத்தியரை நாடுங்கள். சிறு வலிப்பு அடங்கிவிட்டாலும் அவரிடம் காட்டுதல் அவசியம். கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக் காட்டினால் அவருக்குப் பேருதவி.

விசர் எவ்வாறு வேறுபடும்?

அன்று என் கையில் பொல்லை ஏற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. விசர் நோய் வெளிப்பட்டபின் மனிதருக்கு உயிர் தப்புதல் அரிதினும் அரிது. 1885இல் பிரான்சு நாட்டிலே லூயி பாஸ்டர், யோசேப்பு மெயிஸ்ரர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசியிட்டுக் காத்த நாள்முதலே உலகம் சற்று மூச்சுவிட்டது. நம் நாட்டில் 1893இலேயே விசர்நோய்க் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆயினும் 1973இல் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசியும் மனிதருக்கு இலவச சிகிச்சையும் பரவியபின், அண்மை ஆண்டுகளில் அத்தொகை பெரும்பாலும் 20, 30 என்ற அளவுக்குத் தாழ்ந்தது.

விசர் கொண்ட நாய்க்கும் வலிப்பு வரலாம். ஆனால் அது நிமிடங்களில் வந்து மறைந்து, நாயைப் பழைய நாயாக விட்டுச் செல்வதன்று. நாளுக்கு நாள் குணம் மாறும். மூலையில் ஒளியும், காரணமின்றிக் கடிக்கும், குரைக்கும் ஒலி திரியும், விழுங்க இயலாது உமிழ்நீர் வடியும், கால்கள் தளரும். பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் மடியும். எனவே, தடுப்பூசி இடாத நாயோ தெருநாயோ வலிப்புக் கண்டால் தூர நின்று காவுங்கள். கடிபட்டாலும், உமிழ்நீர் புண்ணிற் பட்டாலும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுங்கள். அந்தச் சிறு ஊசி நாய்க்கு மட்டுமல்ல, நம் சந்தேகத்திற்கும் மருந்து.

மறுநாள் வைத்தியரிடம் சென்றோம். "எத்தனை நிமிடம்? என்ன உண்டது? தடுப்பூசி எப்போது?" என்று கேட்டார். பெரியவர்கள் விழித்தோம். சிறுவன் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினான். தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நேரத்தையும் குறித்து வைத்திருந்தான். சில வாரங்களில் வலிப்பு மீண்டும் வரவே, வைத்தியர் 'பினோபார்பிட்டல்' மாத்திரை கொடுத்தார். 1912முதல் மனிதரின் வலிப்புக்கு வழங்கிவரும் அதே மருந்து. நாளுக்கு இருவேளை, நேரந் தவறாது; திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும் என்று எச்சரித்தார். சிறுவன் ஒரு வேளையும் தவறவிடவில்லை. அந்த நாய் பின்னும் ஆறு ஆண்டுகள் எங்கள் ஒழுங்கையைக் காத்தது.

ஒருநாள் மாலை அம்முதியவரிடம், "அன்று உங்களுக்கு எப்படி அத்தனை நிதானம் வந்தது?" என்று கேட்டேன். கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "என்ரை பிள்ளை விழுந்த நேரமெல்லாம் சனம் கையிலை இரும்பைத் திணிச்சுது, தம்பி. பேய் எண்டு சொல்லி விலகி நிண்டுது. ஒருத்தரும் பக்கத்திலை இருக்கேல்லை."

அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. வாயில்லாப் பிராணிக்கும் வாயுள்ள மனிதருக்கும் வலிப்பு ஒன்றே. அதனைச் சுற்றி நிற்கும் அறியாமையும் ஒன்றே. அந்தப் பொல்லு இன்றும் எங்கள் வீட்டுப் படலையோரம் நிற்கிறது. அதனைக் காணுந்தோறும் என் கை தானாக மணிக்கூட்டைத் தேடுகிறது.