கொடுத்தலும் கற்றலே

நுழையும்முன்

பிறர் துன்பத்தைத் தம் துன்பம்போல் உணரும் பண்பைச் சொற்களால் மட்டும் ஊட்டிவிட இயலாது. கொடிநாள் உண்டியல், நாட்டு நலப்பணி முகாம், பேரிடர்க் கால நிதி எனப் பள்ளி மாணவர் ஈடுபடும் தொண்டுகள் பல. அவை எப்போது அருளை வளர்க்கின்றன, எப்போது வெறும் சடங்காகிவிடுகின்றன என்பதைக் காவிரிக் கடைமடையின் பட்டறிவோடு இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கடைமடை தரும் பாடம்

காவிரியின் கிளையாறுகள் கடலோடு கலக்கும் கடைமடையில் அமைந்துள்ளது காரைக்கால். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இம்மாவட்டத்தை நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்துள்ளன. கிழக்கே வங்கக்கடல் விரிந்து கிடக்கிறது. மாவட்டத்தின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினத்தைச் சார்ந்து அமைந்த ஊர் போலகம். வயலும் கடலும் அருகருகே இருந்து வாழ்வளிக்கும் இந்நிலத்திற்கு வெள்ளமும் புயலும் புதியவை அல்ல. ஓராண்டில் பிறர்க்கு நெல் அளந்த கை, மற்றோர் ஆண்டில் நிவாரண அரிசிக்காக நீள நேர்வதும் உண்டு.

கொடை என்னும் சொல்லைக் கேட்டவுடன் இம்மண்ணின் மக்கள் நினைவில் எழுபவர் காரைக்கால் அம்மையார். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்குப் படைத்தவர் அவர். ஆனித் திங்களில் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழா இந்நிகழ்வையே ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. அம்மையார் அளித்தது மிஞ்சிய பொருள் அன்று. வீட்டுக்கென வைத்திருந்த கனி. எதிரில் நின்றவரின் பசி அவருக்குப் பெரிதாகத் தோன்றியது. கொடைக்கும் அருளுக்கும் உள்ள தொடர்பை இந்நிகழ்வு தெளிவாக உணர்த்துகிறது.

அன்பு, ஒப்புரவு, ஈகை, அருள்

திருக்குறளின் அதிகார வைப்புமுறை இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. அன்புடைமை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலில் இடம்பெறுகிறது. ஒப்புரவறிதலும் ஈகையும் அவ்வியலின் இறுதியை ஒட்டி, 22, 23ஆம் அதிகாரங்களாக அமைகின்றன. அருளுடைமையோ 25ஆம் அதிகாரமாகத் துறவறவியலைத் தொடங்கி வைக்கிறது. தொடர்புடையார்மீது தோன்றுவது அன்பு. தொடர்பு கருதாமல் எவ்வுயிர்மீதும் செல்வது அருள். குடும்பத்தில் முளைக்கும் அன்பு, ஊரோடு பகிர்ந்து உண்ணும் ஒப்புரவாகவும் இல்லாதவர்க்கு ஈயும் ஈகையாகவும் விரிந்து, இறுதியில் அருளாக முதிர்கிறது என்பது இவ்வைப்புமுறை காட்டும் வளர்ச்சி.

இவ்வளர்ச்சியில் பள்ளிக்குத் தனி இடம் உண்டு. பிறந்த வீட்டுக்கு வெளியே, உறவினர் அல்லாதாரோடு குழந்தை நாள்தோறும் கூடி வாழும் முதல் இடம் பள்ளியே. அறிமுகமில்லாத ஒருவரின் துன்பத்தை முதன்முதலாகக் கேட்பதும், அதற்காக ஏதேனும் செய்ய வேண்டும் என எண்ணுவதும் பெரும்பாலும் அங்குத்தான் நிகழ்கின்றன.

பள்ளி வளர்த்த தொண்டு மரபுகள்

இந்தியப் பள்ளிகளுக்கு நன்கு அறிமுகமான நிதித் திரட்டல் கொடிநாள். நாட்டைக் காத்த படைவீரர், முன்னாள் படைவீரர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் நலனுக்காக 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று அது கடைப்பிடிக்கப்படுகிறது. சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, உண்டியலில் நாணயம் இட்ட நினைவு பல தலைமுறை மாணவர்க்கு உண்டு.

காசநோய் ஒழிப்பு முத்திரையும் அத்தகையதே. 1904ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் அஞ்சல் ஊழியர் எய்னார் ஹோல்போல் என்பவரின் எண்ணத்தில் உதித்தது இம்முறை. அஞ்சலில் செல்லும் ஒவ்வொரு வாழ்த்து மடலிலும் சிறு விலையுள்ள முத்திரை ஒன்றை ஒட்டினால், பலர் தரும் சில்லறை நோயுற்றோர்க்குப் பெருந்தொகையாகும் என அவர் கருதினார். இந்தியாவில் 1950 முதல் இவ்வியக்கம் நடைபெற்று வருகிறது. செல்வர் ஒருவரின் பெருங்கொடையை எதிர்பாராமல், எளியோர் பலரின் சிறுகொடையை நம்பியதே இதன் சிறப்பு.

பொருளோடு உழைப்பையும் நல்குவது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கொனார்க் கோயிலின் தேர்ச்சக்கரம் இதன் சின்னம். ‘எனக்காக அன்று, உனக்காக’ என்னும் பொருளுடையது இதன் குறிக்கோள் தொடர். இத்திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில் மாணவர்கள் ஒரு சிற்றூரில் தங்குகின்றனர்; குளம் தூர்வாருதல், மரக்கன்று நடுதல், தெருக்களைத் தூய்மை செய்தல் போன்ற பணிகளில் ஈடுபடுகின்றனர். மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்த மாணவர், அதே வேலையை நாள்தோறும் செய்வோரின் வாழ்வைப் புதிய கண்கொண்டு காண்கிறார். இம்முகாமின் உண்மையான பயன் அதுவே.

தம்முடையதைத் தருதல்

திரட்டப்படும் தொகை யாருடையது என்பது முதன்மையான வினா. பெற்றோரிடம் கேட்டு வாங்கிய நூறு ரூபாயை உண்டியலில் இடும் மாணவர், பெற்றோரின் கொடையைக் கொண்டு சேர்ப்பவரே ஆவார். தமக்குரிய ஒன்றை விட்டுக்கொடுக்கும்போதுதான் கொடையின் எடையை அவர் உணர்கிறார்.

1934இல் தீண்டாமை ஒழிப்புக்காக நிதி திரட்டிக் காந்தியடிகள் நாடெங்கும் பயணம் மேற்கொண்டார். அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் காரைக்காலுக்கும் அவர் வந்தார். அதற்கு ஒரு திங்கள் முன்பு, ஜனவரியில், புதுச்சேரியின் மற்றொரு பகுதியாகிய மாகியை அடுத்த வடகரையில் அவர் உரையாற்றினார். அக்கூட்டத்தில் கௌமுதி என்னும் இளம்பெண் மேடையேறித் தம் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். பின்னர்க் கழுத்துமாலையையும் காதணிகளையும் கொடுத்தார். மேல்நிலை வகுப்பு மாணவியருக்குரிய வயதே அப்போது அவருக்கு. பெற்றோரின் இசைவு உண்டா எனக் கேட்டறிந்த காந்தியடிகள், கழற்றிய நகைகளுக்கு ஈடாக வேறு நகை கேட்கலாகாது என்றும் அறிவுறுத்தினார். கௌமுதி அவ்வுறுதியை வாழ்நாள் முழுவதும் காத்தார். இந்தி ஆசிரியராகப் பணியாற்றி 2009இல் மறைந்தார். மேடையில் நிகழ்ந்த கொடை சில நொடிகளில் முடிந்தது. அதைத் தொடர்ந்து எழுபத்தைந்து ஆண்டுகள் அவர் வாழ்ந்த எளிய வாழ்வே அக்கொடையின் பெருமையை உறுதிசெய்தது.

தேவையை அறிதல்

இரக்கம் அறிவோடு இணையாவிடில் உதவி உரிய இடத்தைச் சென்றடைவதில்லை. 1998இல் கனடா நாட்டில் ஆறு வயதுச் சிறுவனாகிய ரயன், ஆப்பிரிக்கக் குழந்தைகள் நல்ல குடிநீரின்றி நோயுறுவதை வகுப்பில் கேட்டறிந்தான். 70 டாலர் இருந்தால் ஒரு கிணறு அமைக்கலாம் என்று எண்ணினான். வீட்டில் கூடுதல் வேலைகள் செய்து நான்கு திங்களில் அத்தொகையைச் சேர்த்தான். அதைக் கொண்டுசென்று கொடுத்தபோது, அது கைப்பம்பு ஒன்றுக்கு மட்டுமே போதும் எனவும், கிணறு தோண்ட 2000 டாலர் வேண்டும் எனவும் தெரியவந்தது. அச்சிறுவன் மனம் தளரவில்லை, மேலும் உழைத்தான், பலரிடம் பேசினான். 1999இல் உகாண்டா நாட்டின் வட பகுதியில், ஒரு தொடக்கப் பள்ளியருகே அக்கிணறு தோண்டப்பட்டது.

இரக்கம் அவனைத் தொடங்கச் செய்தது. கிணற்றின் விலை, நிலத்தடி நீரின் ஆழம், பயன்படுத்துவோரின் வாழ்க்கை ஆகியவை பற்றிய அறிவு அப்பணியை நிறைவேறச் செய்தது. வெள்ளத்தில் நூல்களை இழந்த மாணவர்க்குப் பழைய ஆடைகளை அனுப்புவதும், மண்ணெண்ணெய் அடுப்பும் இல்லாத முகாமுக்குச் சமைக்க வேண்டிய பொருள்களை அனுப்புவதும் இரக்கத்தால் செய்யப்படுபவையே. எனினும் அவை பயன்படுவதில்லை. என்ன வேண்டும் என்று பாதிக்கப்பட்டோரிடமே கேட்டறிதல் தொண்டின் முதற்படியாகும்.

கொடுத்தவர் கொள்பவர் ஆதல்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கடைமடைக் கடற்கரையைச் சிதைத்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அன்று உயிரிழந்தோருள் பெரும்பாலோர் காரைக்கால் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். அண்டையிலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது உலகின் பல நாடுகளிலிருந்தும் உதவி வந்தது. அவ்வுதவியில், இக்கடற்கரையை வரைபடத்தில்கூடக் கண்டிராத பள்ளிக் குழந்தைகளின் சேமிப்பும் கலந்திருந்தது.

2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது தமிழ்நிலத்திலிருந்து உதவிகள் சென்றன. விழுப்புரத்தைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, மிதிவண்டி வாங்குவதற்காக நான்கு ஆண்டுகள் உண்டியலில் சேர்த்திருந்த ஏறத்தாழ 9000 ரூபாயை வெள்ள நிவாரணத்திற்கு அளித்த செய்தி நாடெங்கும் பரவியது. மூன்று திங்கள் கழிந்தன. நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. இம்முறை கேரளத்திலிருந்து உதவி வந்தது. அம்மாநில அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. கேரள மின்வாரியப் பணியாளர்கள் வந்து, சாய்ந்த மின்கம்பங்களை நிறுத்தும் பணியில் பங்கேற்றனர்.

கொடுப்பவர் என்றும் மேலிருப்பவர், கொள்பவர் என்றும் கீழிருப்பவர் என்னும் எண்ணம் பிழையானது என்பதை அந்த மூன்று திங்கள்களே காட்டிவிட்டன. ஒப்புரவு என்னும் சொல்லில் ‘ஒப்பு’ அடங்கியிருப்பதை இங்கு நினைவுகொள்ளலாம்.

கொள்வோரின் மதிப்பு

இவ்வுண்மையை மறக்கும்போது நற்பணியும் புண்படுத்துகிறது. உதவிப் பொருளைப் பெறும் முதியவரை நிறுத்தி ஒளிப்படம் எடுப்பதும், அப்படத்தைப் பலரும் காணப் பரப்புவதும் இன்று வழக்கமாகிவிட்டன. படத்தில் கொடுப்பவரின் முகம் மலர்ந்திருக்கிறது. கொள்பவரின் தலை தாழ்ந்திருக்கிறது. அவருடைய வறுமை, அவர் இசைவின்றியே ஊரறியச் செய்யப்படுகிறது. ஒரு பை அரிசிக்கு அத்தகைய விலையைக் கொடுக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது.

வகுப்பறைக்குள்ளும் இதே நிலை தோன்றக்கூடும். கொடிநாள் வரும் டிசம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டால் மீனவர் கடலுக்குச் செல்வதில்லை. படகுகள் கரையில் கிடக்கும். வயலில் நீர் தேங்கினால் உழவுத் தொழிலாளர்க்கும் வேலையிராது. கடைமடை ஊர்களில் பல வீடுகளில் அடுப்பெரிவதே அரிதாகும் அந்நாள்களில், யார் எவ்வளவு கொடுத்தார் என வகுப்பில் பெயர் சொல்லிப் படித்தால், கொடுக்க இயலாத மாணவர் தலைகுனிவார். இரக்கத்தைக் கற்பிக்க வந்த உண்டியல், அருகில் அமர்ந்திருப்பவரின் துன்பத்தைக் காணாமல் போய்விடும். எந்த வகுப்பு மிகுதியாகத் திரட்டியது என்னும் போட்டியும் இத்தகைய தீங்கையே விளைவிக்கும்.

வழி எளியது. மூடிய உண்டியல் போதும். அதில் விழும் நாணயத்திற்குப் பெயர் இல்லை. பொருள் தர இயலாதவர் உழைப்பைத் தரலாம், பொருள்களைப் பிரித்துக் கட்டலாம், கணக்கு எழுதலாம், பார்வையற்றோர்க்குத் தேர்வு எழுத உதவலாம், தனித்து வாழும் முதியோரோடு உரையாடலாம். இவை எவ்வகையிலும் பணத்திற்குக் குறைந்தவை அல்ல.

கணக்கும் ஒரு பண்பு

பிறருக்காகத் திரட்டிய பணம், திரட்டியவருக்குரியது அன்று. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று, எஞ்சியது எங்கே என்பதை எழுதி, பள்ளி அறிவிப்புப் பலகையில் வெளியிடுவது மாணவர் கடமை. ஐந்து ரூபாய் தந்தவருக்கும் அக்கணக்கைக் காணும் உரிமை உண்டு. பொதுப்பணத்தைக் கையாளும் நேர்மையை ஒருவர் பதினாறு வயதில் பழகிக்கொண்டால், பின்னாளில் அவர் வகிக்கும் எப்பொறுப்பிலும் அது துணைநிற்கும்.

கூடிச் செய்த நினைவுச்சின்னம்

மாணவர் ஒன்றுகூடினால் எதைச் செய்ய முடியும் என்பதற்கு இரோசிமா நகரம் சான்று. இரண்டு வயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான சடகோ சசாகி என்னும் சிறுமி, 1955 அக்டோபர் 25 அன்று இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவளோடு படித்த மாணவர்கள், அணுகுண்டுக்குப் பலியான குழந்தைகள் அனைவருக்கும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பினர்; துண்டறிக்கை அச்சிட்டு நாட்டின் பிற பள்ளிகளுக்கு வேண்டுகோள் விடுத்தனர். 3000க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து நன்கொடை வந்தது. 1958 மே 5 அன்று இரோசிமா அமைதிப் பூங்காவில் அச்சின்னம் திறக்கப்பட்டது. தோழியை இழந்த துயரத்தோடு அம்மாணவர்கள் நின்றுவிடவில்லை. முன்பின் அறியாத குழந்தைகளுக்காகவும் உழைத்தனர். தோழிமீது கொண்ட அன்பு அனைவர்மீதும் செல்லும் அருளாக விரிந்தது.

நிறைவாக

தம்முடையதைத் தருதல், தேவையை அறிதல், கொள்வோரின் மதிப்பைக் காத்தல், கணக்கில் நேர்மை ஆகிய நான்கும் சேரும்போது பள்ளித் தொண்டு வாழ்க்கைக் கல்வியாகிறது. திரட்டிய தொகை செலவாகிவிடும். நட்ட மரம் புயலில் சாயவும் கூடும். அடுத்தவர் துன்பத்தைக் கண்டதும் ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கப் பழகிய மனம் மாணவரோடு நிலைத்திருக்கும். வெள்ளமும் புயலும் மீண்டும் மீண்டும் வரும் கடைமடை ஊர்களுக்கு அத்தகைய மனமுடைய இளைஞரே உறுதியான கரை ஆவர்.