காரின் மூக்கு ஏன் வீங்குகிறது?

பொரளைச் சந்திப் பக்கம் ஒரு பழைய மொரிஸ் மைனர் நின்றால், கிட்டப்போய்க் கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள். முன்விளக்குகள் பூசணிக்காயாய்ப் புடைத்திருக்கும், பின்பக்கம் சூம்பியிருக்கும். காரணம் தூரம். தூரம் இரட்டித்தால் படத்தில் உருவம் பாதியாகும். அந்தக் காரின் நீளம் ஏறத்தாழ 3.7 மீற்றர். மூக்கிலிருந்து 1 மீற்றரில் நின்றால் வால் 4.7 மீற்றரில் இருக்கும். ஆகவே வால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகச் சிறுக்கும். 6 மீற்றர் தள்ளி நின்றால் வித்தியாசம் வெறும் 1.6 மடங்கு.

தள்ளி நின்றும் கார் படத்தை நிறைக்க, நீண்ட குவியத் தூரமுள்ள வில்லை வேண்டும். புதிதாய்த் தொடங்குபவருக்கு என் சிபாரிசு: வில்லை மாற்றக்கூடிய பழைய கமரா ஒன்று, அதனுடன் வரும் 18-55 மி.மீ. வில்லையே போதும். 55-இல் வைத்துப் பழகுங்கள். மெகாபிக்சலுக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஷட்டர் வேகத்தை நாமே மாற்ற முடிவதும் அவசியம். பேஸ்லைன் வீதியில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் கார், 1/1000 விநாடியில் 8 மி.மீ. மட்டுமே நகரும், சில்லும் உறைந்து, நிறுத்திவைத்த கார் போலாகிவிடும். 1/60-இல் 14 செ.மீ. நகரும். காரோடு சேர்த்துக் கமராவைத் திருப்பினால் கார் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் விழும்.

மிச்சக் காசுக்கு, வில்லையின் முன் மாட்டும் ஒரு போலரைசர் வடிகட்டி வாங்குங்கள். கண்ணாடியிலும் பெயின்ரிலும் சாய்வாய்ப் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால், போலரைசரைத் திருப்பித் திருப்பியே அந்த ஒளியை வெட்டலாம். குரோம் பம்பரில் மட்டும் அது பலிக்காது. உலோகம் ஒளியை அப்படிப் பிரிப்பதில்லை.