கத்தி விற்றால் போதுமா? கூர்மைக்கும் நாமே பொறுப்பு!



பாரிவாக்கத்தில், பூந்தமல்லி – ஆவடி சாலையை ஒட்டி, பாத்திரமும் சமையற்கட்டுச் சாமான்களும் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். அரிசி, பருப்பு, தராசு, வரி என்று நம் இதழில் எழுதுவோர் பலர் உண்டு. நான் எழுத வந்திருப்பது கத்தியைப் பற்றி. ‘கத்தியில் எழுத என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு கத்தியால் 14,000 ரூபாய் கை நட்டமும், அதைவிடப் பெரிய தலைகுனிவும் பட்டவன் நான்.

நடந்தது இதுதான்

எங்கள் கடையில் இருபது ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் ஓர் ஓட்டலின் தலைமைச் சமையற்காரர், என் மூலமாக ஜப்பான் கத்தி ஒன்றை வரவழைத்தார். எட்டு மாதம் கழித்து, “அண்ணாச்சி, கொஞ்சம் மழுங்கிப் போச்சு, சாணை பிடிச்சுக் கொடுங்க” என்று கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் சாணைக்காரரிடம் கொடுத்தேன். சைக்கிள் மிதித்துச் சக்கரம் சுற்றிப் பிழைத்தவர், பிறகு மோட்டார் வைத்துக்கொண்டவர். தீப்பொறி பறக்கத் தீட்டிக் கொடுத்தார். பார்ப்பதற்குப் பளபளவென்றுதான் இருந்தது. விளிம்பில் மட்டும் மெல்லிய நீலநிறக் கோடு ஓடியிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

சமையற்காரருக்குத் தெரிந்தது. இரண்டே நாளில் கத்தியைக் கொண்டு வந்து கல்லா மேசைமேல் வைத்தார். “பதம் போயிடுச்சு அண்ணாச்சி, இதை நீங்களே வெச்சுக்குங்க” என்றார். சண்டை போடவில்லை. அந்த மாதம் அவர் ஓட்டலிலிருந்து ஆர்டரும் வரவில்லை. புதுக்கத்தி வாங்கிக் கொடுத்தேன்.

சாணைக்காரரைக் கோபித்துக்கொண்டபோது அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. “ஐயா, இரும்பு மாறிடுச்சு. வேற மாதிரி இரும்புன்னு நீங்க சொல்லியிருக்கலாமே!” தவறு அவருடையதல்ல. விற்ற பொருளின் தன்மை தெரியாமல் விற்றது என் தவறு.

இரும்பு எப்படி மாறியது?

நாம் வழக்கமாக விற்கும் எவர்சில்வர் கத்திகள் மென்மையான உருக்கு. தரமான ஜெர்மன் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை இருக்கும். ஜப்பான் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் விளிம்பு உடையும் குணமும் கூடும். இந்த உருக்குகளில் பலவற்றுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 டிகிரி வெப்பத்தில் பதம் ஏற்றுகிறார்கள். வேகமாகச் சுற்றும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். நீலக்கோடு என்பது வெந்த இரும்பு.

உருக்கு நமக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் பழங்கால இரும்பு உலைகள் கிடைத்துள்ளன. ‘ஊட்ஸ்’ என்று வெள்ளைக்காரர் பெயரிட்ட தென்னாட்டு உருக்கை லண்டன் கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தனர். கல்லும் நமக்குப் புதிதல்ல. சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் இதே சென்னையில் தொடங்கியதுதான். நம்மிடம் குறைந்தது ஒன்றுதான்: கோணம்.

கோணமே கூர்மை

கத்தியின் இரு பக்கங்களும் சந்திக்கும் கோணம்தான் கூர்மை. ஜப்பான் கத்திக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி அளவு, பழைய ஜெர்மன் முறைக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி, எலும்பு வெட்டும் கத்திக்கு 25 அல்லது அதற்கு மேல். வெறுங்கையால் கல்லில் தீட்டும்போது ஒவ்வோர் இழுப்பிலும் இந்தக் கோணம் ஆடும். ஆடாமல் பிடிக்கப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தின் வேலையைக் கருவி செய்வதுதான் வழிகாட்டித் தண்டு உள்ள தீட்டும் கருவி. கத்தியைக் கவ்வி பிடித்துக்கொள்ளும். கல் ஒரு தண்டில் ஏறி, வைத்த கோணத்திலேயே போய் வரும். கையால் மெதுவாகச் செய்வதால் சூடு ஏறாது.

சந்தையில் பல வகை உண்டு. அமெரிக்காவின் லான்ஸ்கி எளியது. 17, 20, 25, 30 என நான்கு கோணத் துளைகள் மட்டும் உண்டு, சில ஆயிரத்தில் முடியும். எட்ஜ் புரோவில் கவ்வி இல்லை, கத்தியை மேடையில் கையால் பிடிக்க வேண்டும். விக்கெட் எட்ஜ் இரு பக்கமும் இரு தண்டுகள் கொண்டது. ரஷ்யாவின் டி.எஸ்.புரோப், உக்ரைனின் ஹாப்ஸ்டோன் போன்றவை கோணத்தை நுணுக்கமாக வைக்கத் தக்கவை. கல்லும் சேர்ந்தால் விலை அரை லட்சத்தையும் தாண்டும். சுவீடனின் டார்மெக் வேறு வகை. தண்ணீரில் மெதுவாகச் சுற்றும் சக்கரம், வேலை விரைவாக நடக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. ஆட்டம்: தண்டின் மூட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் எத்தனை விலையானாலும் வேண்டாம். கோணத்துக்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

2. கவ்வி: மெல்லிய அலகும், முதுகு தடித்து விளிம்பு நோக்கிச் சரியும் அலகும் சமமாகப் பிடிபட வேண்டும். அலகில் கீறல் விழக்கூடாது. நீண்ட கத்தி வளையாமலிருக்க இரண்டு கவ்விகள் நல்லது.

3. கோண அளவி: கருவியில் பொறித்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கத்தியின் அகலம் மாறினால் உண்மைக் கோணமும் மாறும். காந்தம் உள்ள சிறிய மின்னணுக் கோண அளவி ஒன்று அவசியம். கல்லின் கனமும் கணக்கில் வரும். மூட்டிலிருந்து விளிம்பு 15 சென்டிமீட்டர் தூரம் என்றால், 4 மில்லிமீட்டர் கனம் கூடிய கல்லை மாட்டினாலே கோணம் ஒன்றரை டிகிரி நகரும். கல் மாற்றும்போதெல்லாம் அளந்து சரிசெய்ய வேண்டும்.

4. கல்: 400, 1000, 3000 என மூன்று எண்களில் நல்ல கல் இருந்தால் ஓட்டல் வேலைக்குப் போதும். பத்துக் கல் பெட்டி பார்க்க அழகு, பாதி தூசி படியும். மிகக் கடின உருக்குக்கு வைரப்பொடிக் கல் வேண்டும். தேய்ந்த கல்லுக்கு மாற்று நம் ஊரில் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

5. எல்லை: ஒரு பக்கம் மட்டும் தீட்டும் ஜப்பான் மீன் கத்திக்கு இந்தக் கருவி பொருந்தாது. அதைத் தட்டைக் கல்லில் வைத்துத்தான் தீட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கருவி இருந்தும் கை வேண்டும்

நான் கல்லும் அளவியும் சேர்த்து 48,000 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கினேன். இரண்டு வாரம் நானே முயன்றேன். கூர் வந்தது போலிருக்கும், தக்காளித் தோலில் வழுக்கும். காரணம் பிசிர். ஒரு பக்கம் தேயும்போது மறுபக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு அது. நுனி முதல் அடி வரை பிசிர் எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும், கடைசியில் அதை முழுக்க நீக்க வேண்டும். என் விரலுக்கு அது தெரியவில்லை.

வெட்கத்தை விட்டு அதே சாணைக்காரரைக் கூப்பிட்டேன். முதலில் வர மறுத்தார். வந்தவர் விரலை விளிம்பின் குறுக்கே ஒருமுறை ஓட்டிவிட்டு, “இங்கே எழும்பலை ஐயா” என்று இடத்தைக் காட்டினார். கோணம் கருவியுடையது, விரல் அவருடையது. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

இப்போது வாரம் இரண்டு நாள் எங்கள் கடையில் உட்காருகிறார். கத்திக்கு 250 ரூபாய். வாரம் எட்டுக் கத்தி வருகிறது. கிடைக்கும் 2,000-இல் ஆளுக்குப் பாதி. என் முதல் திரும்ப 48 வாரம் ஆகும், கல் தேய்மானம் தனி. இதில் பெரிய லாபம் இல்லை என்பதை மறைக்கவில்லை.

ஆனால் அந்தத் தலைமைச் சமையற்காரர் மறுபடி வந்தார். கத்தியைத் தாளில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதமாக நின்றிருந்த பாத்திர ஆர்டரைச் சொன்னார். சாணைக்காரரிடம் நேரே போய், “அடுத்த வாரம் நாலு கத்தி கொண்டு வரேன் அண்ணே” என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மளிகைக் கடைகளிலும் இன்று கத்தி தொங்குகிறது. எல்லோரும் கருவி வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. விலை உயர்ந்த கத்தி விற்றால், அதை எங்கே, எப்படித் தீட்டுவது என்று சொல்லி விற்கவும். பகுதிக்கு ஒரு கடை கருவி வைத்து, தெருவில் சக்கரம் சுற்றும் ஒருவரை அழைத்து உட்கார வைத்தால், வாடிக்கையாளருக்கும் நன்மை, அந்தக் குடும்பத்துக்கும் நன்மை. பொருளை விற்பதோடு நம் கடமை முடிவதில்லை. அதை 14,000 ரூபாய் கொடுத்துப் படித்தேன். நீங்கள் இந்த இதழின் விலையிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

வாழ்க வணிகர் ஒற்றுமை! வளர்க நேர்மையான வணிகம்!