கொடுவா வளர்ப்பு: தரம் பிரிக்காவிட்டால் குஞ்சு மிஞ்சாது

கொடுவா மீன் வளர்க்கத் தொடங்குபவர்களில் பலர் முதல் மாதத்திலேயே திகைத்துப் போகிறார்கள். குட்டையில் விட்ட குஞ்சுகள் செத்து மிதப்பதில்லை. தண்ணீரின் நிறம் மாறுவதில்லை. கொக்கோ நீர்க்காகமோ கூட்டமாக வந்து இறங்கியதாகவும் தெரியவில்லை. ஆனால் வலையிட்டுப் பார்த்தால் குஞ்சுகளில் பெரும்பகுதியைக் காணோம். திருட்டுப் போய்விட்டது என்று பக்கத்துக் குட்டைக்காரர் மீது சந்தேகப்படுவதும் உண்டு. உண்மையில் காணாமற்போன குஞ்சுகள் குட்டையை விட்டு எங்கும் போகவில்லை. உடன் விட்ட மற்றக் குஞ்சுகளின் வயிற்றுக்குள்தான் போயிருக்கின்றன.

கொடுவா இரை பிடித்துத் தின்னும் மீன். கடலிலும், கழிமுகத்திலும், ஆற்று நீரிலும் வாழக்கூடியது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் போன்ற கழிமுகங்களே இதற்கு ஏற்ற இயற்கை இடங்கள். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று பெயர் பெற்று நல்ல விலைக்குப் போவதும் இதே மீன்தான். முள் குறைவு, சதை வெண்மை, ருசி அதிகம். ஆகவே விலையைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் விட்ட குஞ்சை எடுக்கும் வரை காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

கெண்டை வளர்த்துப் பழகியவர்களுக்கு இது சற்றுப் புதிதாகத் தோன்றும். கெண்டைக்குத் தவிடும் பிண்ணாக்கும் போதும். ஒரு நாள் போட மறந்தாலும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று காலந்தள்ளும். 1973-ம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடி வட்டாரத்தில் முத்து விளைவித்துக் காட்டினார்களே, அந்த முத்துச் சிப்பிக்கு நாம் தீனி போடவே வேண்டியதில்லை; ஓடுகிற கடல் நீரை வடிகட்டித் தன் உணவைத் தானே எடுத்துக்கொள்ளும். கொடுவா அப்படியல்ல. வேளைக்கு இரை கிடைக்காவிட்டால் பக்கத்தில் எது நீந்துகிறதோ அதைப் பிடித்து விழுங்கிவிடும்.

வாய்க் கணக்கு

ஒரு கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள இன்னொரு குஞ்சை விழுங்க வல்லது. 6 செ.மீ. குஞ்சுக்கு 4 செ.மீ. குஞ்சு இரை. 9 செ.மீ. குஞ்சுக்கு 6 செ.மீ. குஞ்சு இரை. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளாக இருந்தாலும் எல்லாம் சமமாக வளர்வதில்லை. சில குஞ்சுகள் மற்றவற்றை முந்திக்கொண்டு மளமளவென்று வளரும். இப்படி முந்தியவை ஒரு தம்பியைத் தின்றுவிட்டால் இன்னும் வேகமாக வளரும், வாய் பெரிதாகும், மறுநாள் இன்னொன்றைத் தின்னும்.

ஆயிரம் குஞ்சு விட்டதில் ஐம்பது முந்திவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவை ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு குஞ்சு வீதம் தின்றால் பத்து நாளில் ஐந்நூறு குஞ்சு போய்விடும். பணம் கொடுத்து வாங்கிய குஞ்சு பணம் கொடுத்து வாங்கிய குஞ்சுக்கே தீனியாகிறது. இதைவிட விலை உயர்ந்த தீனி உலகத்தில் இல்லை!

இதற்கு மருந்து கிடையாது. தரம் பிரிப்பது ஒன்றுதான் வழி. 2 செ.மீ. அளவில் வாங்கிய குஞ்சுகளைக் குட்டைக்குள் நேரே விடக்கூடாது. ஹாப்பா எனப்படும் நைலான் வலைத்தொட்டிகளைக் குட்டையிலேயே கம்பு நட்டுக் கட்டி, அவற்றில் விட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை காலை இளவெயிலில் குஞ்சுகளை எடுத்துச் சிறியவை, நடுத்தரம், பெரியவை என மூன்றாகப் பிரித்துத் தனித்தனி ஹாப்பாவில் விட வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பிளாஸ்டிக் பேசின்களின் அடியில் ஒரே அளவான துளைகள் இட்டு, ஒன்றைவிட ஒன்று பெரிய துளையாக மூன்று பேசின்கள் வைத்துக்கொண்டால் போதும்; அல்லது பழகிய கண்ணால் பார்த்து, பெரியவற்றை மட்டும் சிறு கைவலையில் அள்ளிவிடலாம். துளையின் விளிம்பு கூராக இருந்தால் குஞ்சின் செதில் உரியும், தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்க. பிரிக்கும்போது குஞ்சுகள் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். கையை நனைத்துக்கொள்ளாமல் தொடக்கூடாது. வயிறு நிறைந்திருக்கும்போது பிரித்தால் குஞ்சு தாங்காது. ஆகவே பிரித்த பிறகே அன்றைய முதல் தீனி.

ஹாப்பாவில் பாசி படர்ந்து கண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே ஓடாது. அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது மாற்றிக் கட்ட வேண்டும். நண்டு கடித்து ஓட்டை போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. குஞ்சு 8 முதல் 10 செ.மீ. வரை வளர ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். அந்த அளவைத் தாண்டிய பிறகு ஒன்றையொன்று தின்பது படிப்படியாகக் குறையும்.

இந்த இரண்டு மாத வேலைக்கு வீட்டில் ஆள் இல்லாதவர்கள் சின்னக் குஞ்சு வாங்கவே வேண்டாம். நான்கு அங்குலம் வளர்ந்த குஞ்சாக வாங்குவதே மேல். விலை கூடுதல்தான். ஆனால் காணாமற்போகும் குஞ்சின் விலையைச் சேர்த்துக் கணக்கிட்டால் பெரிய குஞ்சே மலிவு. புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆண்டில் இப்படிச் செய்து, மீனின் குணம் பிடிபட்ட பிறகு சிறு குஞ்சுக்குப் போகலாம்.

குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்துதான் வர வேண்டும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997-ல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு எடுப்பதில் வெற்றி கண்டார்கள். சீர்காழிக்கு அருகே தொடுவாயில் இராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தார் பொரிப்பகம் அமைத்தார்கள். நம் குட்டையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது நடக்காது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் பெருத்த பிறகே பெண்ணாக மாறும் விசித்திரப் பிறவி. முட்டையிடக் கடல் நீரும் வேண்டும்.

இரை வைக்கும் முறை

கொடுவா கண்ணால் பார்த்து இரை பிடிக்கும். தண்ணீரில் அசைந்து இறங்கும் இரையைப் பாய்ந்து பிடிக்குமே தவிர, தரையில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்னாது. ஆகவே கூடையோடு ஒரேயடியாகக் கொட்டுவது வீண் செலவு. கொட்டியது அழுகித் தண்ணீரும் கெடும். தினம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, முதலில் ஒரு மூங்கில் கழியால் தண்ணீரைத் தட்ட வேண்டும். சில நாட்களில் சத்தம் கேட்டதும் மீன்கள் கூடிவிடும். கூடியபின் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மீன்கள் மேலே வருவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும்.

நறுக்கிய கழிவு மீன் போடுவதானால் முதல் இரண்டு மாதம் மீன் எடையில் நூற்றுக்குப் பத்து பங்கு வீதம் காலை, மாலை இரு வேளையும், பிறகு நூற்றுக்கு ஐந்து வீதம் மாலையில் ஒரு வேளையும் போடலாம். துண்டுகள் வாய்க்குத் தக்கபடி சிறிதாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை இருபது மீனைப் பிடித்து எடை போட்டுப் பார்த்துத்தான் அளவை மாற்ற வேண்டும். கண்மதிப்பு ஏமாற்றிவிடும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஒரு கிலோ கொடுவா வளர 6 முதல் 8 கிலோ கழிவு மீன் தேவைப்படும். 10 செண்ட் குட்டையில் 150 மீன் பிழைத்து, ஒவ்வொன்றும் 800 கிராம் வந்தால் மொத்தம் 120 கிலோ. அதற்குக் கழிவு மீன் 720 முதல் 960 கிலோ வரை வேண்டும். தூத்துக்குடி துறைமுகத்தில் விசைப்படகுகள் ஓடும் நாளில் இது பெரிதல்ல. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது இரைக்கு எங்கே போவது? மீன் மிகப் பெரிதாக வளர்ந்து மிக அதிகமாகத் தின்னும் மாதங்களாக அவை அமைந்துவிட்டால் வளர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குஞ்சுப் பருவத்திலேயே மிதக்கும் குருணைத் தீனிக்குப் பழக்கிவிடுவது. கிலோவுக்கு இரண்டு கிலோவுக்குள் முடியும். மேற்சொன்ன 120 கிலோவுக்கு ஏறக்குறைய 240 கிலோ தீனி ஆகும். நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம் உள்ள தீனியாக இருக்க வேண்டும். கெண்டைத் தீனி உதவாது. கழிவு மீன் ருசி கண்ட பெரிய மீனைக் குருணைக்குத் திருப்புவது கடினம். வாங்கும்போதே குருணை தின்னப் பழகிய குஞ்சுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு வழி, குட்டையிலேயே இரையை உற்பத்தி செய்வது. ஜிலேபிக் கெண்டை கரையோரக் குட்டைகளில் வேண்டாவிட்டாலும் பெருகுகிறது. கொடுவா விடுவதற்கு ஒன்று இரண்டு மாதம் முன்பே ஒரு ஆணுக்கு மூன்று பெண் வீதம் ஜிலேபித் தாய் மீன்களை விட்டுவிட்டால், அவை இடும் குஞ்சுகள் கொடுவாவுக்கு உயிருள்ள இரையாகும். இம்முறையில் ஏக்கருக்கு 1,200 முதல் 2,000 கொடுவாக் குஞ்சுக்கு மேல் விடக்கூடாது. 10 செண்டுக்கு 120 முதல் 200. சிறு விவசாயிக்குச் செலவு குறைந்த முறை இதுவே. வளர்ச்சி சற்று மந்தமாக இருக்கலாம், கையைக் கடிக்காது.

காலக் கணக்கையும் பார்க்க வேண்டும். நான்கு அங்குலக் குஞ்சு, நல்ல பராமரிப்பில் 8 முதல் 10 மாதங்களில் 700 கிராம் முதல் ஒரு கிலோ வரை வரும். தடை முடிந்து இரை மலிந்த பிறகு, ஜூலை கடைசியில் குஞ்சு விட்டால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடைக்கு வரும். தடைக்காலத்தில் கடல் மீன் வரத்துக் குறைந்து சந்தையில் விலை ஏறியிருக்கும். நமக்கு இரை தட்டுப்படும் நேரமே விற்பதற்கு ஏற்ற நேரமாகவும் அமைந்துவிடுகிறது.

உப்பும் மழையும்

உப்பே இல்லாத நீரிலும், கடல் அளவு உப்புள்ள நீரிலும் கொடுவா வாழும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரென்று மாற்றினால் தாங்காது. குஞ்சுப் பையை அரை மணி நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரைப் பையில் சேர்த்து, பிறகே திறந்துவிட வேண்டும். குஞ்சு எடுக்கும் இடத்தின் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று முன்பே விசாரித்துக்கொள்வது உத்தமம். தூத்துக்குடி வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும் என்பதை உப்பளக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோடையில் நான்கைந்து அடி ஆழம் குறையாமல் புதுத் தண்ணீர் விட வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் காற்று போதவில்லை என்று பொருள். அன்று இரையை நிறுத்தித் தண்ணீரை மாற்ற வேண்டும். மந்தாரமான நாட்களிலும் இரையைக் குறைப்பது நல்லது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கரையும் நிற்காது என்றாலும், சாதாரண ஐப்பசி மழைக்காவது கரையை உயர்த்தி, வடிகாலில் வலை கட்டி, கரையைச் சுற்றி மூன்றடி உயரத்துக்கு வலை அடித்து வைக்க வேண்டும்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நகரங்களில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் முதலைவாய் மீன் போன்ற வெளிநாட்டு இரைதின்னி மீன்கள், தொட்டி கொள்ளாமல் வளர்ந்ததும் சும்மா கிடைக்கிறதே என்று குட்டைக்காரர்கள் கையில் வந்து சேருகின்றன. வாங்கவே கூடாது. கொடுவா தப்பினால் தன் வீட்டுக்குப் போகிறது. நஷ்டம் நமக்கு மட்டும்தான். வெளிநாட்டு மீன் தப்பினால் குளத்து மீன்களுக்கெல்லாம் ஆபத்து. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை அரசு தடை செய்ததும் இதே காரணத்தால்தான்.

குட்டை கடல், கழிமுகக் கரைகளின் உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருந்தால், 2005-ம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் பண்ணையாக மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே புதிதாகக் குட்டை வெட்டுவோர் மண்வெட்டியை எடுக்குமுன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்க. நோய், தண்ணீர்ப் பரிசோதனை பற்றித் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் ஆலோசனை பெறலாம்.

அறுவடைக்கு முதல் நாள் இரை போடக்கூடாது. எல்லா மீனையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டியதும் இல்லை. கிலோ வந்தவற்றை எடுத்துவிட்டுச் சிறியவற்றை விட்டுவைக்கலாம். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்திபோல் இருக்கும். வெறுங்கையால் பிடித்துக் காயப்பட்டவர்கள் அநேகம். ஈரச் சாக்கைப் போர்த்திப் பிடித்து, உடனே ஐஸில் போட வேண்டும்.